துருக்கியின் 'டொவ்மே': 'அடிப்பு' வேண்டாம், 'வடிப்பு' என்போம்

நண்பர்களே, வணக்கம்.

நாம் தொகுக்கும் உலோகத்தொழில் சொற்பட்டியலில் 'டொவ்மெக்' (பெயர்வடிவம் 'டொவ்மே') என்ற துருக்கி வினைக்கு 'அடித்தல்' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கதவைத் தட்டுவது, பந்தை அடிப்பது, துப்பாக்கியால் சுடுவது எல்லாம் துருக்கியில் 'வுர்மக்'. 'அடித்தல்' அதற்கே போகட்டும். ஆணி அறைவது 'சக்மக்'. அதில் நமக்குச் சிக்கலே இல்லை.

'டொவ்மெக்' அப்படியல்ல. ஓர் அடியோடு அது நிற்பதில்லை. பொருளின் தன்மை மாறும்வரை திரும்பத் திரும்ப விழும் அடி அது. கல்லுரலில் இட்டுக் குத்தி உமி நீக்கிய கோதுமைக்குத் தென்கிழக்குத் துருக்கியில் 'டொவ்மே' என்றே பெயர். யுனெஸ்கோ 2011இல் பண்பாட்டு மரபாக அறிவித்த கெஷ்கெக் என்னும் திருமணக் கூழுக்கும் கோதுமையை இப்படித்தான் குத்துகிறார்கள். உடம்பில் குத்தும் பச்சையும் 'டொவ்மே'தான். நெல்லுக்கும் பச்சைக்கும் 'குத்து' என்ற ஒரே வினையை நாமும் வைத்திருக்கிறோம் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் இரும்பைக் குத்த முடியாதே!

உலையில் பழுத்த இரும்பைப் பட்டடையில் வைத்து உருவாக்குவதை ஆங்கிலம் 'ஃபோர்ஜிங்' என்கிறது. துருக்கியில் அதுவும் 'டொவ்மே'. இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. "வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்கிறது புறநானூறு. ஆகவே 'வடிப்பு' என்று முன்மொழிகிறேன். உருக்கி ஊற்றினால் வார்ப்பு, அடித்து உருவாக்கினால் வடிப்பு. பட்டறைக்காரர் காதில் இரண்டும் இணையாக ஒலிக்கும். சோறு வடிப்பதோடு குழம்பும் என்ற அச்சம் வேண்டாம். 'வடிப்பு இரும்பு' என்று படிப்பவர் கஞ்சியை நினைக்கமாட்டார். துருக்கிப் பொறியாளர்கள் சூடு, குளிர் என்ற அடைமொழி சேர்த்து, சூடாக்கி வடிப்பதையும் சூடாக்காமல் வடிப்பதையும் பிரிக்கிறார்கள். நாமும் 'சுடுவடிப்பு', 'குளிர்வடிப்பு' எனலாம்.

செம்புப் பாத்திரத்தில்தான் கவனம் தேவை. தென்கிழக்குத் துருக்கி நகரமான காஸியான்டெப்பில், செம்புப் பாத்திரம் செய்யும் கன்னார் கடைகளில் பாத்திரத்தின் மேனியெங்கும் சின்னச் சின்னக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். அவர்கள் அதையும் 'டொவ்மே' செம்பு என்பார்கள். ஆங்கிலம் அங்கே 'ஃபோர்ஜிங்'கை விட்டு 'ஹேமர்ட்' (சுத்தியலால் தட்டியது) என்று மாறிவிடும். அங்கு 'வடிப்பு' பொருந்தாது. சுத்தியல் என்பதற்கான 'செகிச்' என்ற பெயரிலிருந்து பிறந்த 'செகிச்லெமெ'க்கும் இதற்கும் சேர்த்துத் 'தட்டுவேலை' என்று வைக்கலாம். 'சுத்தியலடிப்பு' நீளம், வாயிலும் நிற்காது. இதைவிட நல்ல சொல்லைக் கன்னார் யாரிடமாவது கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். பட்டியலில் அதையே ஏற்றிவிடலாம்.