உள்ளே போன பவர் பட்டன் வெளியே வராதபோது

எங்கள் வீட்டுக் கணினியின் பவர் பட்டன் எட்டு ஆண்டுகள் உழைத்த பிறகு, சென்ற சித்திரை மாதத்தில் தொல்லை தரத் தொடங்கியது. அழுத்தினால் விசிறி சுழலும், திரையில் வெளிச்சம் வரும், அடுத்த சில விநாடிகளில் எல்லாம் அணைந்துவிடும். சில நாட்களில் ஒரே அழுத்தில் ஒழுங்காக இயங்கவும் செய்யும். மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த அன்று ஆறு முறை அழுத்தியும் கணினி நிலைக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்றார்கள். நானும் நம்பிப் புதியது வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் அதே நோய் திரும்பிவிட்டது.

அதன் பிறகுதான் கைப்பேசியில் நேரத்தை அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு விநாடிகளில் அணைந்தது. பழுதான எஸ்.எம்.பி.எஸ். இவ்வளவு சரியாக நேரம் காக்காது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பழைய ஏ.டி. வகைக் கணினிகளில் முன்புற சுவிட்ச், வீட்டு மின்சாரத்தையே நேரடியாக இணைத்தும் துண்டித்தும் வந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில் அப்படி இல்லை. பிளக் செருகப்பட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பவர் பட்டன் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கணநேரம் தொடச் செய்கிறது. அதை உணர்ந்த மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சைக் கம்பி வழியாக "இயங்கு" என்று சொல்கிறது. அதே பட்டன் நான்கு விநாடிகளுக்கு மேல் அழுந்தியே இருந்தால், கட்டாயமாக நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. எங்கள் பட்டன் உள்ளே போய் வெளியே வராமல் நின்றிருக்கிறது. யாரோ விரலை எடுக்காமல் வைத்திருப்பதாக மதர்போர்டு கருதியிருக்கிறது. விண்டோஸ் அமைப்பில் பவர் பட்டனை அழுத்தினால் எதுவும் செய்யாதே என்று மாற்றி வைத்தும் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம், இந்த நான்கு விநாடிக் கணக்கு விண்டோஸின் கையில் இல்லாமல் மதர்போர்டின் கையில் இருப்பதுதான்.

பட்டன்தான் குற்றவாளியா என்பதை உறுதி செய்யப் பைசா செலவில்லாத ஒரு சோதனை உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காகப் பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். முன்புறத்திலிருந்து வரும் கம்பிகள் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு ஊசி வரிசையில் செருகப்பட்டிருந்தன. பவர் சுவிட்சின் இணைப்பு பெரும்பாலான மதர்போர்டுகளில் ஆறாவது, எட்டாவது ஊசிகளில் இருக்கும்; இருந்தாலும் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்வதே சரி. அந்த இணைப்பை மட்டும் உருவிவிட்டு, மின்சாரம் கொடுத்து, இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். காலையில் அப்படி இயக்கிய கணினி இரவு வரை அணையவே இல்லை. அந்த ஊசிகளில் இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம் என்பதால் அதிர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

முன்புறப் பிளாஸ்டிக்கைக் கீழ்ப்பக்கத்தில் பிடித்து இழுத்தபோது கிளிப்புகள் விட்டு, கையோடு வந்தது. பின்னால் இருந்த சிறு சுவிட்ச் அழுத்தும்போதெல்லாம் "டக்" என்று சுத்தமாகவே ஒலித்தது. கோளாறு அதற்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடியில்தான் இருந்தது. கை வியர்வையும் தூசியும் கலந்து துளையின் விளிம்பில் பிசினாக இறுகியிருந்தன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அதைத் துடைத்து, இன்னும் உரசிய ஓர் ஓரத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். வேலை முழுவதும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். இன்றும் நல்ல நிலையில் அலமாரியில் இருக்கிறது.

*

மேலே உள்ளதைப் படித்ததும், கோவையில் எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கணினியும் நான்கு விநாடிகளில் அணைந்தது. ஆனால் காலையில் மட்டும். பதினொரு மணிக்கு மேல் எத்தனை முறை இயக்கினாலும் குறையே தெரியாது. வீட்டு மின்சாரத்தில் காலை நேரத்தில் ஏதோ ஏற்ற இறக்கம் இருப்பதாக நினைத்து, ஒரு வாரம் யு.பி.எஸ்.ஸின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான், ஐப்பசியில் பட்டன் இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டதாகச் சொன்னார். இது நடந்தது மார்கழியில். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பது குளியலறைப் புட்டியைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பட்டனுக்குள் இருக்கும் எண்ணெயும் அப்படியே உறையும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் உறைந்த எண்ணெய் பட்டனைப் பிடித்துக்கொண்டது, வெயில் ஏறி இளகியதும் விட்டுவிட்டது. அப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை அது. ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் தூசியை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பட்டனுக்கு அது ஆகாது. ஆல்கஹாலால் மூன்று முறை துடைத்த பிறகும் சுவிட்சுக்குள் இறங்கியிருந்த எண்ணெயை எடுக்க முடியாததால், தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, 6 மில்லிமீட்டர் அளவுள்ள புதிய சுவிட்ச் ஒன்றைப் பற்றவைத்து வாங்கினேன்.

*

தூத்துக்குடியில் தனியாக இருக்கும் என் அம்மாவின் கணினியில் இதே குறை வந்தபோது நான் பெங்களூரில் இருந்தேன். பட்டனைக் கழற்றிச் சுத்தம் செய்ய அம்மாவால் இயலாது என்பதால், தொலைபேசி வழியாகவே வேறு வழி செய்தோம். மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கம்பிகளின் முனையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். பவர் சுவிட்ச் என்று எழுதியிருந்ததை உருவி, ரீசெட் சுவிட்ச் என்று எழுதியிருந்ததை அதே இரண்டு ஊசிகளில் செருகச் சொன்னேன். சுவிட்சுக்கு நேர், எதிர் என்ற பேதம் இல்லாததால் எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும் என்று நான் சொன்ன பிறகுதான் அம்மாவின் குரலில் பதற்றம் குறைந்தது. இனி ரீசெட் வசதி இருக்காது. அம்மா அதை ஒருநாளும் பயன்படுத்தியதும் இல்லை. இப்போது அந்தச் சிறிய ரீசெட் பட்டன்தான் கணினியை இயக்குகிறது. விரல் நுழையாத குழிக்குள் இருப்பதால் அம்மா ஒரு பென்சிலின் பின்முனையால் அழுத்துகிறார். எந்தப் பட்டன் என்று குழம்பாமல் இருக்க, அதன் பக்கத்தில் குங்குமப் பொட்டு ஒன்றும் வைத்திருக்கிறார்.