ஆங்கிலத் துண்டறிக்கையில் அரைப்புள்ளியும் காற்புள்ளியும்: உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றி வெளியூர்ப் பயணிகளுக்காக ஓர் ஆங்கிலத் துண்டறிக்கை தயாரித்து வருகிறோம். நிறுத்தக்குறிகளில் சில ஐயங்கள் உள்ளன.

மண்டபம் தீவுத் தொகுதியில் குருசடை, மனோலி, முயல்தீவு என்றும், கீழக்கரைத் தொகுதியில் முள்ளி, தலையாரி, அப்பா என்றும் ஒரே வாக்கியத்தில் அடுக்கும்போது, தீவுகளுக்கிடையே காற்புள்ளியும் தொகுதிகளுக்கிடையே அரைப்புள்ளியும் இட்டிருக்கிறோம். கடைசித் தொகுதிக்கு முன் ‘அண்ட்’ வந்தால், அதற்கு முன்பும் அரைப்புள்ளி வேண்டுமா?

‘பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது’, ‘1964 புயலில் அது சேதமடைந்தது’ என்னும் இரு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் இணைப்பது ஆங்கிலத்தில் பிழை என்பதை அறிவேன். இடையில் ‘ஹவெவர்’ வந்தால் அதற்கு முன் அரைப்புள்ளி, பின் காற்புள்ளி, சரிதானே?

பெரிய சிக்கல் ‘விச்’ (which) என்று தொடங்கும் தொடரில்தான் இருக்கிறது. அனுமதி பெறாத படகுகள் தீவுகளை நெருங்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதுகையில், ‘அனுமதி பெறாத’ என்பதற்கு ஈடான தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், எந்தப் படகுமே அனுமதி பெறவில்லை என்று பொருள்பட்டுவிடுகிறது. அவற்றை நீக்கினால் அனுமதியற்ற படகுகளை மட்டும் குறிக்கிறது. (படகுக்காரர்கள் நிறைந்த ஊரில் இது சிறிய வேறுபாடு அன்று.) காற்புள்ளியை நீக்கினால் மட்டும் போதுமா, ‘விச்’சுக்குப் பதிலாக ‘தட்’ என்றே எழுதுவது பாதுகாப்பானதா?

ஆங்கிலம் கற்பிப்பவர்களோ மெய்ப்புப் பார்ப்பவர்களோ, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.