அகலிகை கல்லானது கம்பன் சேர்த்ததா?

காரைக்குடி_மாணவி:
கம்பன் பற்றிய பேச்சுப் போட்டி, எட்டு நிமிடம், தலைப்பு கௌதம முனிவரின் மனைவி அகலிகை. "வால்மீகியில் அவள் கல்லாகவில்லை, கல் கம்பனின் கற்பனை. வால்மீகியின் அகலிகை தெரிந்தே தவறினாள், கம்பனின் அகலிகை அறியாமல் தவறினாள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். நடுவர் குறுக்குக் கேள்வி போட்டால் தாங்குமா?

கோட்டையூர்_வாசகர்:
வால்மீகி பற்றிய பகுதி தாங்கும். பாலகாண்டம் 48, 49 சருக்கங்கள். கணவர் கௌதமர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்று தெரிந்தும், தேவராஜன் என்ற ஆவலில் இணங்குகிறாள். கௌதமர் இட்ட சாபம் கல் அல்ல: காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் படாமல் இருக்க வேண்டும். இராமனும் இலக்குவனும்தான் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். பல சுவடிகளை ஒப்பிட்டு வந்த பரோடா ஆய்வுப் பதிப்பில் இதே பகுதி 47, 48. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

கல் கம்பனுடையது என்பது நிற்காது. பரிபாடல் 19இல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் "இந்திரன், பூசை, இவள் அகலிகை" என்று ஒருவருக்கொருவர் காட்டி, அவள் கல்லுரு அடைந்ததையும் சொல்கிறார்கள். இங்கே பூசை என்றால் பூனை, இந்திரன் தப்பியோட எடுத்த உருவம். பூஜை என்று விளக்கிவிடாதீர்கள், மேடையில் அடிக்கடி நடக்கும் விபத்து அது. காளிதாசனும் ரகுவம்சம் 11ஆம் சர்க்கத்தில் கல்லான கௌதமர் மனைவி என்றே பாடுகிறார். பூனை, கல் இரண்டும் கம்பன் கைக்கு வந்து சேர்ந்தவை.

கானாடுகாத்தான்_ஆச்சி:
இரண்டாவது வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள் தாயி. அகலிகைப் படலத்தில் கம்பனே "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள்" என்கிறான். வந்தபோது தெரியவில்லை, நடுவில் தெரிந்தது, தெரிந்தும் விலகவில்லை. வால்மீகியில் முன்பே தெரியும், கம்பனில் பிறகு தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எட்டு நிமிடத்துக்கு அதுவே போதும். உத்தரகாண்டம் 30இல் "உம் உருவில் வந்ததால் அறியாமல் கெடுக்கப்பட்டேன்" என்று அவளே கௌதமரிடம் சொல்வதையும் பாருங்கள். "அறியாமல்" வேண்டுமென்றால் அது வால்மீகி பெயரில் இருக்கும் நூலிலேயே கிடைக்கிறது!

காரைக்குடி_மாணவி:
நன்றி ஆச்சி. அப்படியானால் அதே படலத்தில் வரும் "நெஞ்சினால் பிழைப்பு இலாளை" என்பது?

கானாடுகாத்தான்_ஆச்சி:
அங்கேதான் பட்டிமன்றமே. உணர்ந்த பின்னும் இருந்தவளை நெஞ்சால் பிழைக்காதவள் என்று எப்படிச் சொல்வது? சமாதானங்கள் பல உண்டு. எனக்கு எதுவும் முழுசாக ஒட்டவில்லை. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துச் சொல்லி முரணை முரணாகவே நிறுத்துங்கள். முதல் பாட்டு நடந்ததைச் சொல்கிறது, மற்றது அவளைக் கணவனோடு சேர்த்து வைக்கப் பேசும் விசுவாமித்திரர் வாய். யார் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் பாதி சிக்கல் அவிழும். பாட்டு எண் சொல்ல வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மாறும். படலப் பெயரும் முதல் சீரும் போதும்.

நாட்டரசன்கோட்டை_தம்பி:
புதுமைப்பித்தனை விடாதீங்க அக்கா. 'சாப விமோசனம்', 1943. சாபம் நீங்கிய பிறகு அவள் எப்படி வாழ்வாள் என்பதில்தான் கதையே ஓடுகிறது. சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். கம்பனில் கல்லாக்குவது கணவன் வாய்ச்சொல், இங்கே யாரும் சபிக்கவில்லை. அவருக்கு 'அகல்யை' என்று இன்னொரு கதையும் உண்டு, இரண்டையும் குழப்பினால் நடுவர் பிடித்துக்கொள்வார்.

நேரம்: வால்மீகி ஒன்றரை நிமிடம், பரிபாடல் ஒன்று, கம்பன் மூன்றரை, புதுமைப்பித்தன் இரண்டு. "கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்" பாட்டை எல்லாரும் பாடுவார்கள், நீங்கள் தவிர்த்தால் அரை நிமிடம் மிச்சம்.