கியாப்ஸ் ஒளி வளைவில் 99 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அலை: எதை முதலில் சரிசெய்வது?

நிறமாலை_நேயன் (கேள்வி)

வணக்கம். கியாப்ஸ் (CHEOPS, வேற்று விண்மீன்களின் கோள்களை அளக்கும் ஐரோப்பிய விண்தொலைநோக்கி) எடுத்து, இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கும் தரவு ஒன்றை ஆராய்கிறேன். விண்மீனின் ஒளித்தரம் (எண் கூடினால் மங்கல்) 9 அளவில். கோள் விண்மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி குறையும் அளவு, அதாவது கடப்பு ஆழம், 600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 600 பங்கு) என எதிர்பார்க்கிறேன். கடப்பு நேரம் 3 மணி. 25 பிக்சல் ஆர வட்டத்துக்குரிய ஒளி வளைவைத்தான் (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) எடுத்திருக்கிறேன். நான்கு சிக்கல்கள்:

1. கலம் பூமியைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகளே இல்லாத இடைவெளி.
2. ஏறக்குறைய 99 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து விழும் அலை, உயரம் 300 பி.பி.எம். வரை.
3. தொடக்கத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு சரிவு.
4. படத்தில் விண்மீன் புள்ளியாக இல்லை. முக்கோணம் போல மங்கிப் பரவிக் கிடக்கிறது. கருவியில் கோளாறா?

எதை எந்த வரிசையில் நீக்குவது? அலையைக் கழித்துவிட்டுக் கடப்பைப் பொருத்தினால் ஆழம் 420 தான் வருகிறது. இன்னொன்று: 6யு கியூப்சாட்டில் (10 செ.மீ. கனசதுரம் ஆறு சேர்ந்த அளவுள்ள சிறுகலம்) இதே வேலையைச் செய்ய முடியுமா?

ஒளிக்கணக்கு

நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற மூன்றும் எளிது.

கோளாறு இல்லை, வேண்டுமென்றே குவியத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சி.சி.டி. ஒளி உணரியில் எந்த இரண்டு பிக்சலும் ஒரே அளவு உணர்திறன் கொண்டவை அல்ல. தரையில் அளந்து திருத்திய பிறகும் பிக்சலுக்கு 0.1 சதவீதம், அதாவது 1000 பி.பி.எம். பிழை மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விண்மீனின் ஒளி முழுவதும் இரண்டு மூன்று பிக்சலில் விழுந்தால், விண்கலம் அரை பிக்சல் அசைந்தாலே அளவு சில நூறு பி.பி.எம். தாவும். உங்கள் கோளின் சமிக்ஞையே அந்த அளவுதான். அதே ஒளியை 16 பிக்சல் ஆரத்தில் பரப்பினால் 800 பிக்சல் பங்கேற்கின்றன. பிழை 800-இன் வர்க்கமூலத்தால், அதாவது 28-ஆல் வகுபட்டு 36 பி.பி.எம். ஆகிறது. அசைவினால் மாறுவதும் விளிம்பில் உள்ள பிக்சல்கள் மட்டுமே. முக்கோண வடிவம் முதன்மைக் கண்ணாடியை மூன்று இடத்தில் பிடித்திருக்கும் தாங்கிகளின் இறுக்கத்தால் வருவது.

இதற்கு ஒரு விலை உண்டு. 25 பிக்சல் ஆர வட்டத்துக்குள் ஏறத்தாழ 1960 பிக்சல்கள். ஒரு பிக்சல் வானில் ஒரு வில்விநாடி. ஆக 50 வில்விநாடி அகல வட்டத்துக்குள் இருக்கும் எல்லா அண்டை விண்மீன்களின் ஒளியும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபோட்டான் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கியாப்ஸின் 30 செ.மீ. திறப்பின் (ஒளி நுழையும் வாய்) பரப்பு 707 சதுர செ.மீ. ஒளித்தரம் 9 என்றால் வி பட்டையில் (பச்சை-மஞ்சள் ஒளி) மட்டும் விநாடிக்கு ஒன்றரை லட்சம் ஃபோட்டான்கள் விழும். கியாப்ஸ் 330 முதல் 1100 நானோமீட்டர் வரை வடிகட்டி இல்லாமல் பார்ப்பதால், இழப்பெல்லாம் போக 3 லட்சம் எலக்ட்ரான் என்று தோராயமாக வைக்கலாம். ஒரு நிமிடத்துக்கு 1.8 கோடி. வர்க்கமூல இரைச்சல் 236 பி.பி.எம். 6 மணி நேரத்தில் இடைவெளிகள் போக 60 சதவீதப் புள்ளிகள் மிஞ்சினால் 16 பி.பி.எம். அருகில் வரும். திட்டத்தின் இலக்கு 6 மணி நேரத்துக்கு 20 பி.பி.எம். ஹெச்.டி. 88111 என்ற விண்மீனில் சுற்றுப்பாதையிலேயே சோதித்தபோது 15.5 கிடைத்தது. சூரியன் போன்ற விண்மீனைப் பூமி கடந்தால் 84 பி.பி.எம்.; அதோடு ஒப்பிட்டால் இந்தத் துல்லியத்தின் அருமை தெரியும்.

ஆக உங்கள் 600 பி.பி.எம். கடப்புக்கு ஃபோட்டான் பற்றாக்குறை ஒரு காரணமே இல்லை. 420 வருவதற்குக் காரணம் திருத்தும் முறையில்தான் இருக்கிறது.

உருள்கோணம்

அந்த அலை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். கியாப்ஸ் 700 கி.மீ. உயரத்தில், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய பாதையில் 99 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பூமியைச் சுற்றுகிறது. சி.சி.டி.யை மைனஸ் 45 டிகிரிக்கு அருகில் குளிராக வைக்க, வெப்பம் கக்கும் தகடுகள் பூமியின் பக்கம் திரும்பவே கூடாது. அதனால் இலக்கு விண்மீனை அச்சாகக் கொண்டு கலம் சுற்றுக்கு ஒருமுறை உருள்கிறது. உங்கள் விண்மீன் நடுவில் நிற்க, சுற்றியுள்ளவை எல்லாம் படத்தில் வட்டமடிக்கின்றன. வட்டத்தின் விளிம்பில் இருக்கும் அண்டை விண்மீனின் முக்கோண ஒளி உள்ளே வந்து வெளியே போகும். கருவியில் ஷட்டர் (படத்துக்குப் படம் ஒளியைத் தடுக்கும் மூடி) கிடையாது என்பதால், பிரகாசமான விண்மீன் அதே நெடுவரிசைக்கு வரும்போது அதன் இழுவைக் கோடு உங்கள் விண்மீன் மேல் ஓடும். தரவைத் தயாரிக்கும் தொடக்கநிலைச் செயலி இவற்றைத் திருத்தித்தான் தருகிறது, ஆனாலும் கொஞ்சம் மிஞ்சும்.

இடைவெளிகள் பூமி மறைப்பாலும், தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியைக் கடப்பதாலும் வருபவை. அவற்றை நிரப்ப முயலாதீர்கள். இல்லாத புள்ளியை இடைச்செருகினால் பொருத்தத்தின் பிழைக் கணக்கு பொய்யாகிவிடும்.

இப்போது வேலை வரிசை. முதலில், பழுதானவை எனத் தரவிலேயே கொடி போடப்பட்ட புள்ளிகளை நீக்குங்கள். பிறகு பின்னணி ஒளியை வரைந்து பாருங்கள்: இடைவெளியின் இரண்டு ஓரத்திலும் பூமியின் சிதறொளியால் செங்குத்தாக ஏறும். அந்த ஓரப் புள்ளிகளைத் துணிந்து வெட்டலாம். அதன் பின்னர்தான் 5 சிக்மா வடிகட்டல், அதாவது சிதறலின் ஐந்து மடங்குக்கு மேல் விலகிய புள்ளிகளை நீக்குவது. அதுவும் நகரும் இடைநிலை மதிப்பிலிருந்து கணக்கிட்டதாக இருக்க வேண்டும், மொத்தச் சராசரியிலிருந்து அல்ல.

அடுத்து ஒளியை நேரத்துக்கு எதிராக அல்ல, உருள்கோணத்துக்கு (கலம் எவ்வளவு உருண்டிருக்கிறது என்ற கோணம்) எதிராக வரையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். கலம் சீரான வேகத்தில் உருள்வதில்லை. இலக்கு இருக்கும் திசையைப் பொறுத்துச் சில பகுதிகளில் வேகமாகத் திரும்பும். 98.7 நிமிடக் காலத்தைக் கொண்டு நேரத்தில் சைன் அலை பொருத்தினால் அலையின் உண்மையான வடிவம் பிடிபடாது. கோணத்தின் சைன், கொசைன், பிறகு இருமடங்குக் கோணத்தின் சைன், கொசைன், தேவைப்பட்டால் மும்மடங்கு. ஒவ்வொன்றாகச் சேர்த்து, பேயசியன் தகவல் அளவுகோல் (கூடுதல் உறுப்பு பயனுள்ளதா என்று காட்டும் எண்) குறையும் வரை மட்டும் போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: இவற்றைக் கடப்போடு ஒரே பொருத்தத்தில் சேர்த்துச் செய்யுங்கள். 3 மணிக் கடப்பு என்பது இரண்டு சுற்றுகூட இல்லை. நடுவே இடைவெளிகள் வேறு. முதலில் அலையை மட்டும் பொருத்தச் சொன்னால், அந்தச் சைன்கள் கடப்பின் குழியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். 600 உங்களுக்கு 420 ஆனது இப்படித்தான் என்பது என் கணிப்பு. கடப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு சுற்றாவது தரவு இருந்தால் இரண்டையும் பிரிப்பது எளிது.

பைகியாப்ஸ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இதற்கான வசதி எல்லாம் இருக்கிறது.

வெப்பமானி

தொடக்கச் சரிவை யாரும் தொடவில்லை. அதற்கு உருள்கோணம் காரணம் இல்லை. முந்தைய இலக்கிலிருந்து திரும்பியதும் சூரியன் விழும் கோணம் மாறுகிறது. தொலைநோக்கிக் குழாய் புதிய வெப்பநிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை விண்மீன் உருவம் மெல்ல விரியும் அல்லது சுருங்கும். உருவத்தின் வால் வட்டத்துக்கு வெளியே எவ்வளவு வழிகிறது என்பது மாறுவதால் சரிவு. ஆகவே நேரத்தில் இருபடிக் கோடு போட்டு அழிக்காதீர்கள். குழாயின் முன்பக்க வெப்பமானி அளவு தரவோடு வருகிறது. அதற்கு நேர்விகிதத் திருத்தம் செய்தால் போதும். பைகியாப்ஸில் இதற்கும் தனிக் கட்டளை உண்டு. 30 பிக்சல் வட்டத்தில் சரிவு குறைந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகும்.

சரிவோ குழியோ எதுவானாலும் தானாக அழிக்கும் நிரலிடம் விடக்கூடாது என்பதற்கு நியூ2 லூபி என்ற விண்மீன் நல்ல சான்று. அதன் b, c கோள்களின் கடப்பைக் கியாப்ஸ் பார்க்கப் போன இடத்தில் 107 நாள் சுற்றுக்காலம் கொண்ட d கோளும் அகப்பட்டது. அந்தக் குழியின் ஆழம் 500 பி.பி.எம். அளவுதான்.

நேரத்தையும் கவனியுங்கள். சூரிய மண்டல நிறைமையத்துக்குத் திருத்திய நேரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் 8 நிமிடம் வரை பிழை வரும். மற்ற தொலைநோக்கித் தரவோடு சேர்க்கும்போது யு.டி.சி.யா (உலகப் பொது நேரம்), டி.டி.பி.யா (நிறைமையத்துக்கான சீரான நேர அளவு) என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே இப்போது 69.2 விநாடி வித்தியாசம்.

சிறுகலம்

கியூப்சாட் கேள்விக்கு: முடியும், ஆனால் பிரகாசமான விண்மீன்களுக்கு மட்டும். நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் செய்த ஆஸ்டீரியா 6யு கலம், நவம்பர் 2017-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. 85 மி.மீ. குவியத்தூர லென்ஸ், திறப்பு 6 செ.மீ. மட்டுமே. 55 கான்கிரி என்ற 6-ஆம் ஒளித்தர விண்மீனில், ஏற்கெனவே தெரிந்திருந்த e கோளின் கடப்பை அது பதிவு செய்தது. ஆழம் 370 பி.பி.எம். அளவு, நம்பகம் 2.5 சிக்மாதான். அதற்கே இரண்டு அடுக்கு நிலைப்படுத்தல் தேவைப்பட்டது: சுழல் சக்கரங்கள் கலத்தைப் பிடிக்க, மிச்ச அசைவை உணரியின் அடியிலிருந்த பைசோ மேடை (மின்னழுத்தத்தால் நுண்ணளவில் நகர்வது) நகர்ந்து ஈடுசெய்தது. 20 நிமிடத்துக்கு 0.5 வில்விநாடி நிலைப்பும், 0.01 கெல்வின் வெப்பநிலை நிலைப்பும் கிடைத்தன. லென்ஸைவிட இந்த இரண்டில்தான் உழைப்பு அதிகம்.

பிக்சாட் என்ற பிரெஞ்சு 3யு கலம் இன்னொரு வழியை முயன்றது. 5 செ.மீ. தொலைநோக்கி, 3 மைக்ரான் ஒளியிழையின் முனையில் பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைப் பிடித்து நிறுத்துவது என்பது திட்டம். 2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி40-இல் போனது, மார்ச் 20 அன்று தொடர்பு அறுந்தது.

திறப்பைப் பெரிதாக்க ஒரு நல்ல உத்தி 2021-இல் லேண்ட்சாட் 9 செயற்கைக்கோளுடன் போன கியூட் கலத்தில் இருக்கிறது. 6யு பெட்டியில் வட்டக் கண்ணாடி வைத்தால் 9 செ.மீ. தாண்டாது, பரப்பு 64 சதுர செ.மீ. அவர்கள் 20-க்கு 8 செ.மீ. செவ்வகக் கண்ணாடி வைத்து 160 ஆக்கிவிட்டார்கள்.

நிறமாலை_நேயன்

மிக்க நன்றி. சேர்த்துப் பொருத்தியதும் ஆழம் 585 ± 30 வந்துவிட்டது. சரிவும் வெப்பமானி அளவோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆனால் உருள்கோணம் 210 டிகிரி பக்கம் மட்டும் கூர்மையான 80 பி.பி.எம். மேடு மிஞ்சுகிறது. மூன்றாம் மடங்கு சேர்த்தும் போகவில்லை.

உருள்கோணம்

கூர்மையான மேட்டைச் சைன்கள் பிடிக்காது. கையா விண்கலம் தந்த விண்மீன் அட்டவணையில் இலக்கிலிருந்து 20 முதல் 40 வில்விநாடிக்குள் விண்மீன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 22.5 பிக்சல் வட்டத்துக்கு மாறி, மேடு சிறுக்கிறதா என்று சோதியுங்கள். சிறுத்தால் அண்டை விண்மீன்தான். பைப் என்ற உருவப் பொருத்த நிரலுக்குப் போய்விடுங்கள், அது வட்டமே போடாமல் விண்மீனின் வடிவத்தைப் பொருத்தி ஒளியை எடுக்கும். வட்டம் மாறியும் மேடு அசையவில்லை என்றால் இழுவைக் கோட்டை நினையுங்கள்: 210-இல் எந்தப் பிரகாசமான விண்மீன் அதே நெடுவரிசைக்கு வருகிறது என்று பார்த்து, அந்த 5 டிகிரிப் புள்ளிகளை வெட்டிவிடலாம். சுற்றுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் போகும்.