ஜாவா_ஹோம் நான் வச்சேன், மாட்டினது அத்தான்

அல்சூர்வாசி:
பெங்களூர்ல அக்கா வீட்ல தங்கிப் படிக்கறேன். வீட்ல ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. அட்மின் அத்தான், எனக்கு சாதா அக்கவுண்ட். அத்தானோட டிஜிட்டல் கையெழுத்து சாஃப்ட்வேர் பழசு, ஜாவா 8 இல்லாம ஓடாது. எனக்கு கோர்ஸுக்கு 17 வேணும்.

என் அக்கவுண்ட்ல மட்டும் 17 வரட்டும்னு நேத்து ராத்திரி ஸ்டார்ட்ல தேடி 'எடிட் தி சிஸ்டம் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு, அத்தானைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். மேல் பெட்டியிலதான் ஜாவா_ஹோம் (ஜாவா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற வேரியபிள்) சேர்த்து 17-ஐக் காட்டினேன், கீழ சிஸ்டம் பெட்டியில கையே வைக்கல. இப்ப என் கமாண்ட் பிராம்ப்ட்ல எக்கோ %ஜாவா_ஹோம்% அடிச்சா அடிச்சதையே திருப்பிச் சொல்லுது, அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கற மாதிரி. காலைல அத்தான் சாஃப்ட்வேர் திறக்கல. நாளைக்கு 20-ந் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் 3பி தாக்கல் பண்ணணும். வீட்ல என்னோட யாரும் பேசறதில்ல.

டப்பாகோட்:
உங்க அக்கவுண்டையும் அட்மின் ஆக்கிடுங்க ப்ரோ, முடிஞ்சுது. இல்லன்னா செட்எக்ஸ் பாத் "%பாத்%;..."னு ஒரே வரி.

ராத்திரிஷிஃப்ட்:
ரெண்டும் வேண்டாம். செட்எக்ஸ் கமாண்ட் பாத்தை, அதாவது கமாண்ட் அடிச்சா விண்டோஸ் தேடற ஃபோல்டர் வரிசையை, 1024 எழுத்துக்கு மேல வெட்டிப் போட்டுடும். தவிர %பாத்%ல சிஸ்டம் பாதையும் சேர்ந்தே இருக்கும். அத்தனையும் யூசர் பாத்ல போய் ஒட்டிக்கும்.

தம்பி, அந்த மேல் பெட்டிக்குத் தலைப்பு 'யூசர் வேரியபிள்ஸ் ஃபார்'னு ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் யார் பேர் இருந்துச்சு?

அல்சூர்வாசி:
ஐயோ. திரும்பத் திறந்து பார்த்தேன். அத்தான் பேர்.

ராத்திரிஷிஃப்ட்:
அதான் விஷயம். அட்மின் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தா அந்த ஜன்னல் அத்தானா ஓடும், யூசர்னா அவர்தான். உங்க 17 அவர் தலையில ஏறிடுச்சு, சாஃப்ட்வேர் 8-ஐத் தேடி முழிக்குது. எங்க ஆபீஸ்லயும் மாசத்துக்கு ஒருத்தர் இதுல விழுவாங்க.

முதல்ல அத்தான் அக்கவுண்ட்ல நுழைஞ்சு நீங்க சேர்த்ததை அழிங்க. 3பி முக்கியம். அப்புறம் உங்க அக்கவுண்ட்ல கன்ட்ரோல் பேனல், யூசர் அக்கவுண்ட்ஸ், இடது ஓரத்துல 'சேஞ்ச் மை என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்'. பாஸ்வேர்டு கேக்கக் கூடாது. கேட்டா தப்பான கதவு. கீழ் பெட்டி பட்டன்கள் மங்கலா இருக்கணும். சேர்த்த பிறகு புது கமாண்ட் பிராம்ப்ட் திறங்க, பழையதுக்குத் தெரியாது.

அல்சூர்வாசி:
அத்தான் சாஃப்ட்வேர் திறந்துடுச்சு. அக்கா காபி குடுத்தா! எனக்கும் எக்கோ 17 பாதையைக் காட்டுது. ஜாவா ப்ராஜெக்ட் பில்ட் பண்ற மேவனும் 17ங்குது. ஆனா ஜாவா -வெர்ஷன் அடிச்சா இன்னும் 8. என் பாத்லயும் 17-ஓட பின் ஃபோல்டரை உச்சியில வச்சுட்டேன்.

ராத்திரிஷிஃப்ட்:
மேவன் நேரா ஜாவா_ஹோமைப் பார்க்கும். வெறும் 'ஜாவா'ன்னு அடிச்சா பாத் வரிசையில முதல்ல கிடைக்கறது ஓடும். மத்த வேரியபிள்ல யூசர் வச்சது சிஸ்டத்தை ஜெயிக்கும். பாத் மட்டும் விதிவிலக்கு, சிஸ்டம் பாதை முன்னால, உங்களுது வாலா ஒட்டும். உங்க பெட்டியில உச்சியில வச்சாலும் அது வாலோட உச்சிதான். 'வேர் ஜாவா' அடிச்சு வரிசையைப் பாருங்க.

அல்சூர்வாசி:
முதல் வரி ஆரக்கிள், ஜாவாபாத்னு ஒரு ஃபோல்டர். என் 17 ரெண்டாவது.

ராத்திரிஷிஃப்ட்:
ஜாவா 8 இன்ஸ்டாலர் சிஸ்டம் பாத்ல வச்சது. அதை எடுத்தா மறுபடி அத்தான்கிட்டதான் போகும். நோட்பேட்ல ரெண்டு வரி எழுதி உங்க டெஸ்க்டாப்ல ஜாவா17.பேட்னு சேமிங்க:

செட் பாத்=%ஜாவா_ஹோம்%\பின்;%பாத்%
சிஎம்டி

அதை டபுள் கிளிக் பண்ணி வர்ற ஜன்னல்ல மட்டும் 17 முன்னால நிக்கும். ஜன்னலை மூடினா போச்சு, யாருக்கும் பாதிப்பில்ல.

அல்சூர்வாசி:
அதுல 17 வருது. நான் கோட் எழுதற எடிட்டர் விஎஸ் கோட், அதோட டெர்மினல்ல மட்டும் 8.

ராத்திரிஷிஃப்ட்:
திறந்திருக்கற விஎஸ் கோட் எல்லாத்தையும் மூடிட்டு, அதே கறுப்பு ஜன்னல்லேர்ந்து 'கோட் .' அடிங்க. எந்த ஜன்னல் பெத்ததோ அதோட பாத்தைத்தான் எடுத்துக்கும்.

அல்சூர்வாசி:
வந்துடுச்சு, 17. அத்தான் 3பி-யும் இன்னிக்கே போட்டுட்டார். ஆனா பாஸ்வேர்டை மாத்திட்டார்.