பல்லேடியம் தகடு ஏன் சீக்கிரம் போகிறது?

கேள்வி: சேலத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கிறோம். ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும் சுத்த பல்லேடியம் (ஓர் உலோகம்) தகடு 350 டிகிரியில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் உலையை அப்படியே அணைத்துவிட்டுப் போனால் சில நாளில் தகடு நெளிந்து ஓரத்தில் மயிரிழை விரிசல். ஏன் அண்ணா?

பதில்: ஹைட்ரஜனோடு ஆறவிட்டால் அப்படித்தான் தம்பி. சுமார் 300 டிகிரிக்குக் கீழே பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சி, அதோடு சேர்ந்த ஹைட்ரைடு என்ற சேர்மமாகி உப்பும், மறுபடி சூடேறினால் சுருங்கும், இப்படியே மாறி மாறி நடந்தால் எந்தத் தகடும் தாங்காது. அணைக்கும் முன், சூடாக இருக்கும்போதே நைட்ரஜன் விட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுங்கள். சுமார் 23 சதவீதம் வெள்ளி கலந்த தகடு இன்னும் நல்லது. அதற்காகச் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குக் கிளம்பிவிடாதீர்கள்!

பதில்: கந்தகத்தையும் பாருங்கள். துளி ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும், மேற்பரப்பை அடைத்துவிடும். அதற்குச் செம்பு கலந்தது தேவலை.

கேட்டவர்: சரி, நாளைக்கே நைட்ரஜன் உருளை கேட்கிறேன்.