மறு: ரெஃப்ரெஷ் ரேட் – ‘புதுப்பிப்பு விகிதம்’ வேண்டாம், ‘திரையோட்ட வீதம்’ வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை வரையப்படுகிறது என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை முதலிலிருந்து இப்போதுதான் படித்து முடித்தேன். பழைய சிஆர்டி திரைக்கு (பழைய டிவி போலப் படக்குழாய் உள்ள கனத்த பெட்டித் திரை) எந்த அளவு, எந்த வேகம் வைப்பது என்று விளக்கும் உதவிப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போது எழுந்த கேள்வி இது என்பதால், சொல்லையும் அந்தத் திரையை வைத்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ரெஃப்ரெஷ் ரேட் = புதுப்பிப்பு விகிதம். ஏற்கெனவே பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது, இப்போது ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் ‘விகிதம்’. ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுவதுதான் விகிதம். திரையின் அகலமும் உயரமும் 4:3 என்கிறோமே, அது விகிதம். நொடிக்கு எத்தனை முறை என்பது வீதம். ‘ஆளுக்கு இரண்டு இட்லி வீதம்’ என்று பந்தியில் சொல்வதும் ‘நொடிக்கு 85 முறை வீதம்’ என்று சொல்வதும் ஒரே கணக்கு. ஒரே அமைப்புப் பலகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போகின்றன, இரண்டையும் ‘விகிதம்’ என்று போட்டால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

அடுத்தது ‘புதுப்பிப்பு’. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். மென்பொருள் அப்டேட்டுக்குப் புதுப்பிப்பு, உலாவியில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் புதுப்பி, சந்தாவை நீட்டித்தாலும் புதுப்பி. எல்லாவற்றிலும் பழையது போய்ப் புதியது வருகிறது. சிஆர்டியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நீங்கள் ஒரு எழுத்துகூட அடிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் குழாயின் பின்னால் இருக்கும் எலக்ட்ரான் கற்றை இடது மேல் மூலையில் தொடங்கி வரி வரியாக ஓடிக் கீழே வந்து, மறுபடி மேலே போய், அதே படத்தை அப்படியே திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். ஏனென்றால் கண்ணாடிக்கு உட்புறம் உள்ள பாஸ்பர் பூச்சு, கற்றை பட்ட கணத்தில் ஒளிர்ந்து உடனே மங்கத் தொடங்கிவிடுகிறது. மங்குவதற்கும் அடுத்த சுற்று வருவதற்கும் உள்ள இடைவெளிதான் கண்ணுக்கு மினுக்கமாகத் தெரிகிறது. ஆக, இங்கே பெயர் வைக்க வேண்டியது புதுமைக்கு அல்ல, ஓட்டத்துக்கு.

என் பரிந்துரை: கற்றை ஒரு வரியை ஓடி முடித்தால் அது ஒரு வரியோட்டம். முழுத் திரையையும் ஓடி முடித்தால் ஒரு திரையோட்டம். நொடிக்கு எத்தனை என்பது வரியோட்ட வீதம், திரையோட்ட வீதம். படம் எதுவும் வரையாமல் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்கோ மேல் மூலைக்கோ திரும்பும் பயணம் மீளோட்டம். மின்னோட்டம், நீரோட்டம், வெள்ளோட்டம், தேரோட்டம் என்று நம்மிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சொற்களின் வரிசையில் இவையும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இந்த வரிகளின் பரப்பை ராஸ்டர் என்கிறார்களே, அது வயலில் இழுக்கும் பரம்புக்கோலைக் குறிக்கும் ராஸ்ட்ரம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்களும் நிலத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஏர் ஓட்டுபவருக்கு ‘ஓட்டம்’ என்றதும் சால் சாலாகப் போவது கண்முன் வந்துவிடும், அவருக்கு நாம் வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

சொல் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்கு இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. 1024×768 அளவில் 85 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 85 முறை) வைக்கிறோம் என்றால் படத்துக்கு 768 வரி, மீளோட்டத்துக்கும் அதை ஒட்டிய வெற்றுநேரத்துக்கும் 40 வரி, மொத்தம் 808. இதை 85ஆல் பெருக்கினால் நொடிக்கு 68,680 வரியோட்டம், அதாவது ஏறக்குறைய 68.7 கிலோஹெர்ட்ஸ். திரையின் கையேட்டைப் புரட்டினால் ‘30–70 கிலோஹெர்ட்ஸ்’ என்று ஓர் எண்ணும் ‘50–160 ஹெர்ட்ஸ்’ என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது வரியோட்டத்தின் எல்லை, இரண்டாவது திரையோட்டத்தின் எல்லை. லினக்ஸில் அந்தக் காலத்தில் திரையை இயக்கிய எக்ஸ்எஃப்ரீ86 மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஹொரைசிங்க், வெர்ட்ரெஃப்ரெஷ் என்று நாம் கையால் எழுதிக் கொடுத்ததும் இதே இரண்டு எண்கள்தான். ‘கிடைமட்ட ஒத்திசைவு அதிர்வெண்’, ‘செங்குத்துப் புதுப்பிப்பு விகிதம்’ என்று மொழிபெயர்த்தால் இரண்டுக்கும் உள்ள உறவு படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. வரியோட்டத்தை வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் திரையோட்டம் என்று சொல்லுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

சரி, இப்போது ரெசல்யூஷன், அதாவது 1024×768 என்று திரையில் குறுக்கும் நெடுக்கும் எத்தனை புள்ளி என்பது.

> ‘தெளிவுத்திறன்’ நிலைத்துவிட்ட சொல். அதில் கைவைக்க வேண்டாம்.

நிலைத்துவிட்டது உண்மைதான், ஆனால் அது செய்த கெடுதலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்பு ஓர் அச்சகத்தின் தட்டச்சுப் பிரிவில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எட்டு 17 அங்குலத் திரைகள். அங்கே வேலை செய்த அக்காமார்களுக்காகத் தமிழில் ஒரு பக்கத்துக்கு வழிகாட்டி எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதில் ‘தெளிவுத்திறன்’ என்றே எழுதியிருந்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் எட்டுத் திரையும் 1280×1024இல் நிற்கின்றன. தெளிவுத்திறன் என்றால் கூட்டக் கூட்டத் தெளிவு கூடும் என்றுதானே யாரும் படிப்பார்கள்? அந்தத் திரைகளின் வரியோட்ட எல்லை 70 கிலோஹெர்ட்ஸ். 1280×1024க்கு மொத்தம் 1066 வரி. 70,000ஐ 1066ஆல் வகுத்தால் 65.7தான் வரும், அதனால் திரையோட்டம் சத்தமில்லாமல் 60க்கு இறங்கிவிட்டிருந்தது. மாலையானால் கண்ணில் நீர் வடிகிறது, தலை வலிக்கிறது என்று எல்லாரும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெளிவாவது கூடியதா என்றால் அதுவும் இல்லை. 17 அங்குலக் குழாயில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு 16 அங்குலம், அகலம் சுமார் 32.5 செ.மீ. அதில் 1280 புள்ளியை அடுக்கினால் ஒரு புள்ளிக்கு 0.25 மி.மீ. கிடைக்கும். அந்தக் குழாய்களின் முகமூடித் தகட்டில் (கற்றையைச் சரியான பாஸ்பர் புள்ளியில் மட்டும் விழவிடும் துளைத்தகடு) துளைக்குத் துளை இடைவெளி 0.28 மி.மீ. புள்ளி துளை இடைவெளியைவிடச் சின்னதாகப் போனால் பக்கத்துப் புள்ளியின் மேல் ஈஷிக்கொள்ளும். திரையருகே குனிந்து பார்த்தபோது ‘ஞ’வின் உள்சுழி அடைந்து போயிருந்தது, ‘ண’வும் ‘ன’வும் எத்தனை சுழி என்று எண்ண முடியவில்லை. பிழை திருத்துகிறவர்களுக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும். போதாததற்கு 1280×1024 என்பது 5:4, குழாயோ 4:3, அதனால் வட்டமெல்லாம் படுத்துக்கிடந்தது. (அந்தக் குழாய்க்கு ஒத்த வடிவம் 1280×960, பலருக்கு அப்படி ஓர் அளவு இருப்பதே தெரியாது.)

அன்றைக்கே எட்டையும் 1024×768, 85க்கு மாற்றினேன். மாற்றும்போது ஒவ்வொரு திரையும் உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டு, ஒரு கணம் கறுத்து, பிறகு படம் வந்து நின்றது. மினுக்கம் போனதா என்று பார்க்க நேராகப் பார்க்கக் கூடாது, திரைக்கு ஒரு சாண் மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு கடைக்கண்ணில் திரையைக் கவனிக்க வேண்டும், கண்ணின் ஓரம்தான் மினுக்கத்தைச் சட்டென்று பிடிக்கும். ஓர் அக்கா அப்படிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் சுவர்ல ஒட்டின காலண்டர் மாதிரி நிக்குது” என்றார்.

ஒரே ஒரு திரை மட்டும் அப்புறமும் லேசாக ஆடியது. காரணம், பக்கத்திலேயே வைத்திருந்த ஸ்டெபிலைசர். அதிலிருந்த மின்மாற்றியின் காந்தப்புலம் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் துடித்துக் கற்றையை இழுக்கிறது. தரையில் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. உதவிப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும், ‘ஆட்டம்’ என்றே எழுதலாம். மினுக்கம் வேறு, ஆட்டம் வேறு. முதலாவதுக்கு மருந்து திரையோட்டத்தைக் கூட்டுவது, இரண்டாவதுக்கு மருந்து ஸ்டெபிலைசரை நகர்த்துவது.

அதனால் ரெசல்யூஷனை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. குழாய் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பது அதன் பிரிதிறன், அது பிறவியிலேயே வந்தது, நாம் மாற்ற முடியாது. நாம் பலகத்தில் தேர்ந்தெடுக்கும் 1024×768 என்பது புள்ளிவரிசை. கோலப் புத்தகத்தில் ‘15 புள்ளி 15 வரிசை’ என்று போடுகிறார்களே, அதே அமைப்பு, அதே சொல், நம் வீட்டு வாசலில் ஏற்கெனவே இருக்கிறது. ‘1024 புள்ளி 768 வரிசை’ என்றால் எது குறுக்கே, எது நெடுக்கே என்றுகூடச் சொல்ல வேண்டாம். வரிகளை ஒன்று விட்டு ஒன்று வரையும் இன்டர்லேஸ் முறைக்கும் கோலத்தின் ‘ஊடுபுள்ளி’யைப் பார்த்து ‘ஊடுவரி முறை’ என்று வைக்கலாம்.

> மீள்வரைவு வீதம், மறுதீட்டல் வீதம்?

இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். ‘வரைவு’ மின்னஞ்சலில் டிராஃப்ட்டுக்குப் போய்விட்டது, மீள்வரைவு என்றால் திரும்ப எழுதிய கடிதம் போல ஒலிக்கும். ‘தீட்டல்’ பரவாயில்லை, ஆனால் வரியோட்டத்துக்கு இணையான சொல் அதிலிருந்து கிளைக்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

> திரையோட்டம் என்றால் சினிமா ஓடுவது போல இல்லையா? அதோடு இது சிஆர்டிக்குத்தானே பொருந்தும், எல்சிடிக்கு?

படம் ஓடுவதற்கு நாம் ‘ஓட்டம்’ என்று சொன்னாலும் ‘திரையோட்டம்’ என்று சொல்வதில்லை, மோதல் இருப்பதாக எனக்குப் படவில்லை. எல்சிடி பற்றிய கேள்வி நியாயமானது. அங்கே கற்றை இல்லை, மினுக்கமும் இந்த வகையில் இல்லை, ஆனால் படம் இன்றும் வரி வரியாகத்தான் மேலிருந்து கீழே போகிறது. 1920×1080, 60 ஹெர்ட்ஸ் சைகையை எடுத்துப் பாருங்கள், வழக்கமான அமைப்பில் மொத்தம் 1125 வரி, நொடிக்கு 67,500 வரியோட்டம். அந்த 45 வரி இடைவெளி குழாய்க் காலத்து மீளோட்டம் விட்டுச்சென்ற இடம். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்குகிற இன்றைய பிள்ளைகளுக்கும் சொல் பொருந்தும்.

உதவிப் பக்கத்தின் அந்தப் பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“முதலில் உங்கள் குழாயின் பிரிதிறனுக்குள் அடங்கும் புள்ளிவரிசையைத் தேர்ந்தெடுங்கள் (15 அங்குலத்துக்கு 800×600, 17க்கு 1024×768, 19க்கு 1280×960). பிறகு அதில் திரையோட்ட வீதத்தை 85 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். 85 கிடைக்காவிட்டால் 75. 75கூட வராவிட்டால் புள்ளிவரிசையை ஒரு படி குறையுங்கள். 100, 120 என்று எல்லைவரை ஏற்ற வேண்டாம், எழுத்தின் ஓரம் மழுங்கும். கையேட்டில் உள்ள வரியோட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம், பாதுகாப்புச் சுற்று இல்லாத பழைய திரைகள் பழுதாகலாம்.”

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அதிர்வெண்ணுக்கு நீங்கள் ‘மீடிறன்’ என்பீர்கள், ‘வரியோட்ட மீடிறன்’ உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா, அல்லது ‘வீதம்’ என்றே இரு பக்கத்துக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.